முதலில் கூலரை மாற்றுங்கள், ஓவர்கிளாக் பிறகு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். தூசு படாமல் துணி போட்டு மூடி வைப்பார்கள். பிறகு மெல்ல ஓர் ஆசை தலைதூக்கும். இதே ப்ராசசரை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வைக்க முடியாதா என்பதுதான் அந்த ஆசை. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி 'ஓவர்கிளாக்' என்ற சொல்லைக் காதில் போட்டுவிட்டால் போதும். அன்று இரவே பயாஸ் திரையைத் திறந்து எண்களைக் கூட்டிப் பார்க்கும் துணிச்சல் வந்துவிடும்.

இதில் நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஓவர்கிளாக் செய்வதற்கு முன் கூலரை மாற்ற வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. அது சரியானதுதான். ஆனால் பாதி தூரம்தான் செல்கிறது. நல்ல கூலரை மாட்டி, கம்ப்யூட்டரின் வெப்பத்தை அளந்து பார்த்த பிறகு, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் மிகப் பலருக்கு ஓவர்கிளாக் தேவையே இல்லை என்பது தெரிந்துவிடும். கூலருக்குச் செலவழித்த பணம் மட்டும் வீணாகாது. ஏன் அப்படி என்பதை இங்கு காணலாம்.

ஓவர்கிளாக் என்பது என்ன?

ப்ராசசரை அதன் நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைக் காட்டிலும் கூடுதல் வேகத்தில் இயக்குவதே ஓவர்கிளாக். ஒரு காலத்தில் இதில் பெரிய லாபம் இருந்தது. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ ப்ராசசர் இதற்குப் புகழ் பெற்ற உதாரணம். மதர்போர்ட் கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 மடங்கு பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது இயங்கியது. மதர்போர்ட் துடிப்பை 100 ஆக மாற்றினால் அதே ப்ராசசர் 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. விலை மலிவான ப்ராசசர் ஒன்று, ஒரே ஒரு மாற்றத்தில், ஒன்றரை மடங்கு வேகம்! ஓவர்கிளாக் ஆசை உலகெங்கும் பரவியதில் இந்தச் சின்ன ப்ராசசருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைய நிலை வேறு. 2008இல் இன்டெல் நிறுவனம் டர்போ பூஸ்ட் என்ற வசதியைத் தன் கோர் ஐ7 ப்ராசசர்களில் தந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் ப்ராசசர்கள் 2017இல் வந்தபோது பிரிசிஷன் பூஸ்ட் என்ற இதே போன்ற வசதியுடன் வந்தன. வேலை அதிகமாகும் போது ப்ராசசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். எவ்வளவு கூட்டலாம் என்பதை, எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, எவ்வளவு சூடாகி இருக்கிறது என்று பார்த்து அதுவே முடிவு செய்யும். அதாவது ஓவர்கிளாக் வேலையின் பெரும் பகுதியைத் தயாரித்த நிறுவனமே செய்து கொடுத்துவிட்டது. நமக்கு மிச்சம் வைத்திருக்கும் இடம் மிகக் குறைவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'எவ்வளவு சூடாகி இருக்கிறது' என்பது அந்த முடிவின் ஒரு பகுதி. கூலர் சரியில்லை என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகமே உங்களுக்கு முழுமையாகக் கிடைக்காது. இதனால்தான் கூலரை மாற்றுவதை ஓவர்கிளாக்கிற்கான முன்னேற்பாடு என்று மட்டும் நினைக்கக் கூடாது என்கிறோம்.

வெப்பக் கணக்கு

ப்ராசசர் வெளியிடும் வெப்பம் இரண்டு விஷயங்களைப் பொறுத்துக் கூடுகிறது. ஒன்று அதன் வேகம். மற்றொன்று அதற்குக் கொடுக்கப்படும் வோல்டேஜ். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் வெப்பமும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆனால் வோல்டேஜ் விஷயத்தில் அப்படி அல்ல. அது இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

கூடுதல் வேகத்தில் தடுமாறாமல் ஓட வேண்டும் என்றால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1 என்றால் 1.33. பத்து சதவீத வேகத்திற்கு 33 சதவீத வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கை ஒருவர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால், பயாஸ் திரையில் வோல்டேஜ் எண்ணைத் தொடுவதற்குமுன் கை சற்றே தயங்கும்.

'எங்கள் ஊரே குளிர்தானே?'

கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காற்றைக் கொண்டு குளிர்விக்கும் கூலரால் ப்ராசசரை அறை வெப்பத்திற்குக் கீழே கொண்டு செல்ல முடியாது. அறை வெப்பத்திற்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைக் குறைக்கத்தான் முடியும். எனவே நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது.

இதைக் கேட்டதும் மலையூரில் இருப்பவர்கள் மகிழ்ச்சி அடையலாம். 'நாங்கள் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கிறோம். குளிர் இலவசம். எங்களுக்குத் தனிக் கூலர் எதற்கு?' என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வேலூர் இருநூறு மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஆக, இரண்டு ஊர்களுக்கும் இடையே உயரத்தால் மட்டும் வரும் வித்தியாசம் சுமார் 3 டிகிரிதான். மரங்களும் இரவுக் குளிரும் இன்னும் சில டிகிரி உதவலாம். அதே நேரம் 725 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சற்றுக் குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்லும். மலை ஒரு கையால் கொடுப்பதில் கொஞ்சத்தை மறு கையால் எடுத்துக்கொள்கிறது.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். கம்பெனியுடன் வந்த கூலரில், முழு வேலை கொடுக்கும் போது ப்ராசசர் அறை வெப்பத்தை விட 45 டிகிரி கூடுதலாகச் சூடாவதாக வைத்துக்கொள்வோம். அறை 28 டிகிரி என்றால் ப்ராசசர் 73 டிகிரி. வேலூரில் மே மாதம் அறை 40 டிகிரி என்றால் ப்ராசசர் 85 டிகிரி. இப்போது நாம் முன்னர் பார்த்தபடி 33 சதவீத வெப்பத்தைக் கூட்டுங்கள். 45 டிகிரி என்பது 60 டிகிரி ஆகிவிடும். குளிர்ந்த அறையில் 88. வெயில் காலத்தில் சரியாக 100. இன்டெல்லின் பல டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அந்த எல்லையைத் தொட்டவுடன் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். நாம் கூட்டிய வேகம் வந்த வழியே போய்விடும்.

இதே கம்ப்யூட்டரில் நல்ல கூலர் ஒன்றைப் போட்டு, 45 டிகிரி ஏற்றத்தை 30 ஆகக் குறைத்துவிட்டதாகக் கொள்வோம். ஓவர்கிளாக் செய்யாமல் விட்டால், மே மாத வேலூரிலும் 70 டிகிரிதான். மலையின் 3 டிகிரி எங்கே, கூலரின் 15 டிகிரி எங்கே!

காவலூரில் ஒரு பாடம்

சிப்பைக் குளிர்விப்பது பற்றிப் பேசும் போது ஜவ்வாது மலையைத் தாண்டிச் செல்ல வேண்டியதே இல்லை. காவலூரில்தான் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் மாதம் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய அவதானிப்புகளில் காவலூரின் பங்கும் உண்டு. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார்.

இத்தகைய தொலைநோக்கிகளின் முனையில் ஃபிலிம் இருந்த இடத்தை சி.சி.டி. என்ற சிலிக்கான் சிப் பிடித்துக்கொண்டது. இதுவும் நம் ப்ராசசரைப் போல ஒரு சிப்தான். மங்கலான நட்சத்திரத்தின் ஒளியை அது பல நிமிடங்கள் பொறுமையாகச் சேர்க்க வேண்டும். சிப் சூடாக இருந்தால், ஒளியே படாத இடத்திலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் கிளம்பி, பொய்யான ஒளியைப் போல் பதிவாகும். ஏறத்தாழ ஆறு ஏழு டிகிரி குறைக்கும் போதெல்லாம் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். அதனால் வானியல் சி.சி.டி.களை மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு, மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிர்விப்பது வழக்கம்.

இதே திரவ நைட்ரஜனைத்தான் ஓவர்கிளாக் போட்டிக்காரர்களும் ப்ராசசர் மேல் ஊற்றுகிறார்கள். அதற்கும் மேலே போய் திரவ ஹீலியத்தையும் பயன்படுத்துகிறார்கள். 2011இல் ஏ.எம்.டி.யின் எஃப்.எக்ஸ். ப்ராசசர் ஒன்றை அப்படி 8.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டு சென்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். 2023 அக்டோபரில் இன்டெல் ப்ராசசர் ஒன்று 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அந்த வேகத்தில் நீடித்தது மிகச் சிறிது நேரம்தான். அந்த ப்ராசசரில் யாரும் கடிதம் டைப் செய்யவில்லை, கணக்கு எழுதவில்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வானியலாளருக்குக் குளிர்விப்பதன் நோக்கம் தெளிவு. இன்ன வேலைக்கு இத்தனை டிகிரி வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று அளந்து செய்கிறார். போட்டிக்காரருக்கு எண்தான் நோக்கம். வீட்டு உபயோகத்திற்குக் கம்ப்யூட்டர் வாங்கிய நாம் போட்டிக்காரரைப் பார்த்து ஆசைப்படுகிறோம். பின்பற்ற வேண்டியதோ வானியலாளரின் வழியை.

இன்னொரு எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. அறை வெப்பத்திற்குக் கீழே எதைக் குளிர்வித்தாலும் அதன் மேல் பனித்துளி படியக்கூடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோமே, அதே கதைதான். இதற்காகத்தான் வானியல் சிப்பைக் காற்று நீக்கிய பாத்திரத்திற்குள் அடைத்து வைக்கிறார்கள். எனவே கேபினட் மீது ஐஸ் பையை வைப்பது, ஈரத்துணி போர்த்துவது போன்ற வேலைகளில் தயவு செய்து இறங்க வேண்டாம். ஒரு சொட்டு நீர் மதர்போர்டில் விழுந்தால் போதும், கதை முடிந்துவிடும்.

அளக்காமல் வாங்காதீர்கள்

கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். கோர் டெம்ப், எச்.டபிள்யூ. இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர்களில் ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் போது எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சினிபெஞ்ச் போன்ற சோதனை சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓட விட்டு மீண்டும் குறியுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்றால் ப்ராசசரின் பெயரும் இப்போதைய வேகமும் தெரியும். சோதனை ஓடும் போது வேகம் போகப் போகக் குறைகிறதா என்று பாருங்கள்.

முழு வேலையிலும் 80 டிகிரிக்குள் நிற்கிறது என்றால் உங்களுக்குப் புதிய கூலர் வேண்டாம். 80க்கு மேல் 90 வரை சென்றால், முதலில் தூசைச் சுத்தம் செய்யுங்கள். எல்லையைத் தொட்டு வேகமும் குறைகிறது என்றால்தான் கூலர் பற்றி யோசிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவும். கடும் வேலையின் போது 95 டிகிரி வரை செல்லும் வகையில்தான் அந்த ப்ராசசர்களை ஏ.எம்.டி. வடிவமைத்திருக்கிறது. அந்த எண்ணைக் கண்டு பயந்துவிட வேண்டாம்.

பல வீடுகளில் வெப்பத்திற்குக் காரணம் கூலர் அல்ல, தூசுதான். மின் இணைப்பை நீக்கி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் காற்றடிக்கும் கருவியாலும் ஹீட் சிங்க் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். மூடிய மேஜை அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

எந்தக் கூலர்?

கூலர்கள் மூன்று வகை. ப்ராசசருடன் வரும் சிறிய வட்டக் கூலர் ஒன்று. செம்புக் குழாய்கள் மேலெழும்பி, தகடுகளைக் கோர்த்து நிற்கும் டவர் கூலர் இன்னொன்று. பம்ப் மூலம் திரவத்தைச் சுற்ற விட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் மூன்றாவது.

டவர் கூலரின் செம்புக் குழாய்க்குள் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். ப்ராசசர் சூட்டில் அது ஆவியாகி மேலே செல்லும். தகடுகளில் வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரவமாகிக் கீழே திரும்பும். இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டு நீராகச் சொட்டுகிறதே, அதுபோலத்தான். இதில் பம்ப் கிடையாது. கெட்டுப் போகக் கூடியது ஃபேன் ஒன்றுதான். அதையும் தனியே மாற்றிக்கொள்ளலாம். எனவே வீட்டு உபயோகத்திற்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலரே போதும் என்பது நம் கருத்து. கூலர் மாஸ்டர், டீப்கூல், தெர்மல்ரைட் போன்ற நிறுவனங்களின் கூலர்கள் இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. கண்ணாடி கேபினட்டில் கலர் விளக்குகளுடன் மின்னும் லிக்விட் கூலரின் பம்ப் சில ஆண்டுகளில் நின்று போனால் கூலர் முழுவதையும் மாற்ற நேரிடும்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரி பாருங்கள். முதலாவது, உங்கள் மதர்போர்டின் சாக்கெட். இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை எல்.ஜி.ஏ. 1700. ரைசனில் 5000 வரிசை வரை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு ஏ.எம். 4, 7000 வரிசையிலிருந்து ஏ.எம். 5. அதற்கான கிளாம்ப் கூலர் பெட்டியில் இருக்க வேண்டும். இரண்டாவது, உயரம். டவர் கூலர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிறிய கேபினட்டில் கதவு மூடாது. மூன்றாவது, அருகில் உள்ள ராம் மீது இடிக்காமல் இருக்க வேண்டும்.

மாற்றும் போது கவனிக்க வேண்டியவை

கம்பெனி சீல் வைத்துத் தந்த கம்ப்யூட்டர் என்றால், திறந்தால் வாரண்டி போகுமா என்று முதலில் விற்றவரிடம் கேளுங்கள். முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.

வேலை தொடங்கும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பழைய பேஸ்ட் இளகிக் கொடுக்கும். பிறகு ஷட் டவுன் செய்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

பழைய கூலரின் ஃபேன் ஒயரை முதலில் கழற்றுங்கள். இன்டெல் கூலரில் உள்ள நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். ஏ.எம். 4 வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. இதில் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிய கூலரை வெடுக்கென்று மேலே இழுத்தால், ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகு தூக்குங்கள். இன்டெல்லிலும் ஏ.எம். 5இலும் ஊசிகள் மதர்போர்டில் இருக்கும். கூலர் மாற்றுவதற்கு ப்ராசசரை வெளியே எடுக்கத் தேவையே இல்லை. அதன் மேல் உள்ள உலோகப் பூட்டைத் திறக்காதீர்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து எடுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி இதற்கு நல்லது. நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறு. பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவது மட்டுமே. டூத் பேஸ்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது சில நாட்களில் காய்ந்து பொடியாகிவிடும்.

புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முழுமையாக முறுக்கக் கூடாது. கார் சக்கரத்தின் நட்டுகளைப் போல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஃபேன் காற்று கேபினட்டின் பின்பக்கம் நோக்கிச் செல்லும்படி இருக்கட்டும். ஒயரை மதர்போர்டில் 'சி.பி.யு. ஃபேன்' என்று எழுதியுள்ள இடத்தில் செருகுங்கள். ஆன் செய்ததும் நேராக பயாஸ் சென்று ஃபேன் சுற்றுகிறதா, வெப்பம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விண்டோஸுக்குள் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் போதே கை நடுங்குகிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து, அருகில் இருந்து பாருங்கள்.

இனி ஓவர்கிளாக் செய்யலாமா?

கூலர் மாற்றியாயிற்று. முன்பு செய்த அதே சோதனையை மீண்டும் ஓட விட்டு எண்களை ஒப்பிடுங்கள். வெப்பம் குறைந்திருக்கும். முன்பு சூட்டினால் வேகம் குறைந்து கொண்டிருந்தது என்றால், இப்போது ப்ராசசர் தன் பூஸ்ட் வேகத்தில் நிலையாக நிற்கும். ஃபேன் சத்தமும் அடங்கியிருக்கும். பயாஸில் ஓர் எண்ணைக் கூடத் தொடாமல் இவ்வளவும் கிடைத்துவிட்டது.

இதற்கு மேலும் வேண்டும் என்பவர்களுக்குச் சில கேள்விகள். உங்கள் ப்ராசசர் அதற்கு இடம் கொடுக்கிறதா? இன்டெல்லில் பெயரின் எண்ணை அடுத்து கே என்ற எழுத்து வரும் ப்ராசசரும், இசட் வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டும் இருந்தால்தான் முறையாக ஓவர்கிளாக் செய்ய முடியும். ரைசனில் பெரும்பாலான ப்ராசசர்கள் இடம் கொடுக்கும். ஆனால் ஏ வரிசை சிப்செட் மதர்போர்டுகள் கொடுக்காது. கடையில் ஐ3 அல்லது ஐ5 போட்டு வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு இந்த வாசல் முதலிலேயே மூடப்பட்டதுதான்.

'கே ப்ராசசரை விற்பதே ஓவர்கிளாக் செய்யத்தானே, பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?' என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் ப்ராசசர் புகைந்து எரிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் கூலரைக் கழற்றிக் காட்டினார்கள். ஏ.எம்.டி. ஆத்லான் புகைந்து போனது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று எல்லா ப்ராசசர்களிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

இன்றைய ஆபத்து புகையில் இல்லை, மௌனத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறி வேகம் கூட்டிய ப்ராசசரும் ராமும் எப்போதாவது ஒரு கணக்கைத் தவறாகப் போடும். திரை நீலமாகி நின்றால் நமக்குத் தெரியும். நிற்காமல், தவறான விடையையே ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டால்? குழந்தையின் புகைப்படம், கல்லூரி ப்ராஜெக்ட், கடைக் கணக்கு ஆகியவற்றில் எது எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் திறக்கும் போதுதான் தெரியும். அதற்குள் காப்பியும் கெட்ட ஃபைலாகவே எடுக்கப்பட்டிருக்கும். பிரைம் 95 போன்ற சோதனைகள், விடை தெரிந்த கணக்குகளைப் பல மணி நேரம் போட வைத்துச் சரி பார்ப்பது இதற்காகத்தான். பத்து நிமிடம் கேம் விளையாடிப் பார்த்துவிட்டு 'நன்றாக ஓடுகிறது' என்று சொல்வது சோதனை ஆகாது.

வோல்டேஜ் செய்யும் சேதம் திரும்பாதது என்பதற்கு அண்மை உதாரணமும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்கள் சில, கம்ப்யூட்டரைத் தடுமாற வைப்பதாகப் புகார்கள் எழுந்தன. ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுப் பெற்றதே காரணம் என்று 2024இல் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்ட் மாதம் அதற்கான திருத்தம் வெளிவந்தது. பாதிக்கப்படக்கூடிய ப்ராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. இந்தத் தலைமுறை ப்ராசசர் வைத்திருப்பவர்கள் மதர்போர்ட் நிறுவனத்தின் புதிய பயாஸைப் போட்டுவிட்டீர்களா என்று உடனே சரி பாருங்கள். வடிவமைத்த நிறுவனத்துக்கே வோல்டேஜ் கணக்கு தவறியது என்றால், நாம் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் எண்ணின் கதி என்ன?

வாரண்டியையும் மறக்க வேண்டாம். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்திற்கு இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் வழக்கமான வாரண்டியும் பொறுப்பேற்பதில்லை. இதற்கென்று இன்டெல் தனிக் கட்டணத்தில் நடத்தி வந்த திட்டமும் 2021இல் நிறுத்தப்பட்டது.

நம் ஊர் மின்சாரம் வேறு இருக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும், ஓவர்கிளாக் செய்த ப்ராசசரும் சேர்ந்து இழுத்தால் கரண்ட் போன கணத்தில் யு.பி.எஸ்.ஸும் கையை விரிக்கும். சென்னையில் இருப்பவர் கெட்ட மதர்போர்டை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய்விடுவார். ஜமுனாமரத்தூரில் இருப்பவர் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலையிறங்க வேண்டும். அந்த வீட்டில் உள்ள ஒரே கம்ப்யூட்டர் அதுவாக இருந்தால், பிள்ளையின் விண்ணப்பமும் படிப்பும் அதோடு சேர்ந்து காத்திருக்கும். ஐந்து பத்து சதவீத வேகத்திற்கு இது சரியான பந்தயமா?

அதற்காக ஓவர்கிளாக்கே பாவம் என்று சொல்ல மாட்டோம். வேறொரு கம்ப்யூட்டரில் வேலை நடக்கிறது, வாரண்டி முடிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருக்கிறது என்றால் அதில் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, குறித்து வைத்து, சோதித்துப் பாருங்கள். ப்ராசசர் எப்படி இயங்குகிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வழிகள் குறைவு.

வீட்டுக்கு உழைக்கும் கம்ப்யூட்டருக்கு முறை வேறு. முதலில் அளவெடுங்கள். பிறகு தூசைத் தட்டுங்கள். தேவைப்பட்டால் கூலரை மாற்றுங்கள். மாற்றியபின் மீண்டும் அளவெடுங்கள். வரும் சித்திரை வெயிலுக்கு முன் இதைச் செய்து முடித்துவிட்டால், உங்கள் கம்ப்யூட்டர் கத்திரி வெயிலிலும் கம்பெனி சொன்ன வேகத்தில் ஓடும். அந்த வேகத்திற்குத்தானே நீங்கள் பணம் கொடுத்தீர்கள்!